நூற்றுப் பதினேழாவது அட்டை

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் ஒரு சொல் உண்டு: செட். பார்த்தால் பரம சாது. பல்செட், டீவி செட், பம்புசெட் என்று அதை நாம் எப்போதோ வீட்டுக்குள் குடிவைத்துவிட்டோம். இரண்டு பேர் ஒத்துப்போகவில்லையா, 'செட் ஆகலை' என்று கையை விரித்துவிடுகிறோம். ஆனால் அகராதி போடுகிறவர்களிடம் அந்தச் சொல்லின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகத்தில் ஈயாடாது. சூரியன் மறைந்தாலும் அதுதான், சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்தாலும் அதுதான், கடிகாரத்தில் மணி வைத்தாலும், பொறி வைத்தாலும், வைக்கோலுக்குத் தீ வைத்தாலும் அதேதான். ஒரே ஆள் ஊரில் உள்ள அத்தனை பேர் வீட்டிலும் வேலைக்கு நிற்கிற மாதிரி.

அந்தச் சொல்லை ஒருத்தி எட்டு மாதம் கட்டி மேய்த்தாள். டயர்க் கடைக்கு மேலே, மாடியில், ஆங்கிலம்-தமிழ் அகராதி போடுகிற சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஆறு பேரில் அவளும் ஒருத்தி. எட்டு மாதமும் அவள் வாயில் வேறு பேச்சே இல்லாததால் அலுவலகத்தில் அவளுக்கு 'செட்டு மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், உச்சி குளிர்ந்துபோனாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஒரு பொருளுக்கு ஒரு அட்டை. முன்பக்கம் பொருளை எழுத வேண்டும். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லை அந்தப் பொருளில் தினமும் புழங்குகிற ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே போய், அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் பின்பக்கம் கையெழுத்து வாங்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி பொருள் எழுதுகிறவர்களை நம்பக் கூடாது என்பது அகராதி ஆசிரியரின் கட்சி. அவரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைச் சொல்வார்.

கூடவே இன்னொரு விதியும் உண்டு. கேட்காமலே கேட்டேன் என்று ஒரு அட்டையில் எழுதினால் போதும், எழுதியவரின் பெயர் புத்தகத்தின் முன்பக்கத்துப் பெயர்ப்பட்டியலில் வராது. போன பதிப்பில் அப்படி ஒருவர் பெயர் போயிற்று. அவர் ஆசிரியரின் சொந்த மைத்துனர். அதற்குப் பிறகு ஆசிரியர் வீட்டில் ஒரு வருஷம் அடுப்பு எரிந்ததே தவிரப் பேச்சு எரியவில்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார்கள். செட்டு மேடம் வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தின மாதம்தான் அந்தப் பதிப்பு வெளிவந்திருந்தது. அடுத்த பதிப்பின் முன்பக்கத்தில் தன் பெயரைப் பார்ப்பதற்காக அவள் பதினோரு வருஷம் காத்திருந்தாள். ஆசையை வெளியே சொல்லமாட்டாள். ஆனால் பழைய பதிப்பின் முதல் தாளைத் திறந்து, பெயர்ப்பட்டியலில் தன் பெயர் எந்த வரியில் விழும் என்று விரல் வைத்துப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இருந்தது.

அட்டையோடு அலைந்த அந்த எட்டு மாதத்தில் அவள் மூக்கு பல தடவை உடைபட்டது. ரம்பத்துக்கு செட் வைப்பது என்றால் 'பல்லைத் தீட்டுவது' என்று எழுதிக்கொண்டு மரப்பட்டறைக்குப் போனாள். தச்சர் அதைக் கேட்டுவிட்டு, ரம்பத்தை வெளிச்சத்துக்கு எதிரே கண் மட்டத்தில் நீட்டிக் காட்டினார். ஒரு பல் இடது பக்கம் சாய்ந்திருந்தது, அடுத்தது வலது பக்கம். மயிரிழை அளவுதான். "தீட்டுறது வேறம்மா, இது வேற. இப்படி ஒண்ணு விட்டு ஒண்ணு சாய்ச்சு வெச்சாத்தான் ரம்பம் போறதுக்கு மரத்துக்குள்ள வழி கெடைக்கும். இல்லேன்னா நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கும்." எத்தனை ரம்பங்களைப் பார்த்திருப்பாள், ஒரு பல்லாவது சாய்ந்திருக்கும் என்று தோன்றியதா? அன்றிலிருந்து நான்கு நாள் அவள் கணவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ரம்பக் கதையைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

எலும்பு மருத்துவர் ஒரு பையனின் முறிந்த மணிக்கட்டை இழுத்தபோது செட்டு மேடத்துக்கே மயக்கம் வந்து, நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். "கட்டுப் போடுறது செட் இல்லீங்க. பழைய இடத்துல உக்கார வைக்கிறோம் பாருங்க, அதுதான். கட்டு அப்புறம்" என்று சொல்லி, கட்டு மாவு படிந்த விரலாலேயே மருத்துவர் கையெழுத்துப் போட்டார். கல் பதிக்கிற நகைக்காரர், 'ஒட்டுதல்' என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஒட்டினா அது நகை இல்ல, பொம்மை!" ஒவ்வொரு இடத்திலிருந்தும் அவள் தலைகுனிந்து போய் நெஞ்சு நிமிர்ந்து திரும்பினாள். இத்தனை பேர் இத்தனை நுட்பமாக வேலை செய்துகொண்டிருக்கிற உலகத்தில் தானும் ஒருத்தி என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் போகவில்லை. நூற்றுப் பதினேழாவது அட்டை. கான்கிரீட், சிமெண்டுக் கலவை போன்றவை செட் ஆவது. 'காய்ந்து இறுகு' என்று எழுதினாள். இதற்கு யாரைக் கேட்பது? கேட்க வேண்டிய ஆள் அவள் வீட்டிலேயே இருந்தாள். அதுதான் சிக்கல்.

கணவரின் தங்கை கட்டட வேலையில் மேற்பார்வையாளர். வேலை இந்தப் பக்கம் கிடைத்ததால் இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்தாள். வந்த புதிதில் ஒருநாள், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, நாத்தனார் தன் வேலையைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'சிமிட்டி' என்றாள். செட்டு மேடம் சும்மா இருந்திருக்கலாம். "சிமிட்டி இல்லம்மா, சிமென்ட்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் தன் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கணவர் இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்வார்.

ஊரெல்லாம் போய்த் தலைகுனியத் தயாராக இருந்தவளுக்கு வீட்டு மாடிப்படியில் பதினான்கு படி ஏறுவதற்கு மனம் வரவில்லை. ஆளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டி, அவள் ஒரு திருத்தம் சொல்லிவிட்டால்? இதில் கேட்க என்ன இருக்கிறது, சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அட்டையின் பின்பக்கம் 'வீட்டில் கேட்டு உறுதி செய்யப்பட்டது' என்று எழுதி அடுக்கில் சொருகிவிட்டாள். வீட்டில் அப்படி ஒரு ஆள் இருப்பது ஆசிரியருக்குத் தெரியும். அதனால் கையெழுத்து எங்கே என்று அவர் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அந்தச் சொல்லுக்கான அச்சுத் தாள்களின் கடைசிப் படியில் அவள் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். இன்னொரு படியைச் சொந்த ஆசைக்காக வீட்டுக்கு எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ரசித்தாள். மதியம் சாப்பிட வந்த நாத்தனார், தட்டு வைக்க இடம் வேண்டித் தாளை ஓரமாக நகர்த்தினாள். கண் தமிழ் வரிகளில் போயிற்று. நகர்த்திய கை நின்றது. அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள்.

"என்ன?" என்றாள் செட்டு மேடம், குரலைக் கறாராக்கிக்கொண்டு.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"சும்மா சொல்லு."

"இல்ல... கான்கிரீட்டு காஞ்சு இறுகும்னு போட்டிருக்கு. இத யாரு எழுதினது?"

"நான்தான். ஏன்?"

நாத்தனார் தயங்கினாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் குழம்புக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "காயறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணி. காஞ்சா கெட்டுப்போயிடும்."

"தண்ணி வத்தினாத்தானே கெட்டியாகும்?"

"அப்ப ஆத்துக்கு நடுவுல பாலத்துத் தூண் நிக்குதே, அது எப்படிக் காஞ்சுச்சு?"

செட்டு மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி படித்தாள். ஒரே ஒரு கேள்வி. எட்டு மாதத்தில் அலுவலகம் போகிற வழியில் அந்த ஆற்றுப் பாலத்தின் மேல் பேருந்தில் போகாத நாள் உண்டா? தப்பு என்றால் வெறும் தப்பு இல்லை. கேட்டேன் என்று எழுதிய அட்டை. பதினோரு வருஷம். முன்பக்கம்.

பேசாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கான்கிரீட் போடுகிறவர் யாராவது அகராதியை விரித்து வைத்துக்கொண்டா கலவை போடுகிறார்? இந்த எண்ணம் அவளுக்கு வந்தது. வரவில்லை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை.

"நான் இப்ப சைட்டுக்குத்தான் போறேன். தண்ணி நிக்குதான்னு பாக்கணும். வரீங்களா?" என்றாள் நாத்தனார், எழுந்து கை கழுவப் போகிறபோது, எங்கேயோ பார்த்துக்கொண்டு. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

கைப்பிடி வைக்காத படிக்கட்டில் சுவரோரமாக மூன்று மாடி ஏறினார்கள். மேலே தளம் முழுக்கத் தண்ணீர். கலவையால் சின்னச் சின்ன வரப்புகள் போட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் ஒருவர் ரப்பர் குழாயோடு நின்றிருந்தார். நாத்தனார் பாத்தி பாத்தியாக நடந்து, ஓர் இடத்தில் தண்ணீர் கசிந்து வடிந்திருப்பதைப் பார்த்து, குனிந்து ஈரக் கலவையைக் கையால் அப்பி வரப்பை அடைத்தாள். வீட்டில் சாவி எங்கே என்று மெல்லக் கேட்கிற பெண்ணா இவள் என்று இருந்தது. குழாய்க்காரரை ஒரே வார்த்தையில் அந்த மூலைக்கு அனுப்பினாள். அவர் மறுபேச்சில்லாமல் போனார்.

"ஏழு நாள் இது ஈரத்துலயே கெடக்கணும். சிமிட்டி தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் உள்ளுக்குள்ள இறுகும். குடிக்க இல்லேன்னா பாதியிலயே நின்னுடும். அப்புறம் எத்தன தண்ணி ஊத்தினாலும் ஆகாது." பேசிக்கொண்டே ஒரு தூணருகே கூட்டிப்போனாள். நேற்றுப் போட்ட தூணாம். மேலிருந்து கீழ்வரை ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. "சாக்க விலக்கிட்டுக் கைய வைங்க."

செட்டு மேடம் கையை வைத்தாள். சூடாக இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோல.

"வெயில்லயா?"

"இந்தப் பக்கம் வெயிலே வராது. உள்ள வேலை நடக்குது அண்ணி."

கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கல்தானே என்று ஆயிரம் தூண்களைத் தாண்டிப் போயிருக்கிறாள். அதற்குள் இத்தனை மும்முரமாக ஒரு காரியம் நடக்கிறது என்பதும், நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுத்து அதை ஒருத்தி காவல் காக்கிறாள் என்பதும், அந்த ஒருத்தி தன் வீட்டு மாடியில் படுத்துத் தூங்குகிறாள் என்பதும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"ஒரு நாள்கூடத் தவறாம வருவியா?"

"ஒரு தடவ தவறினேன்." நாத்தனார் சாக்கைத் திரும்ப இழுத்துக் கட்டினாள். "போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப. ரெண்டு நாள் வரல. தண்ணி விட்டாச்சுன்னு போன்ல சொன்னாங்க, நானும் வந்ததும் பாத்த மாதிரி கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு படிக்கட்டுக்குத் தண்ணியே விடல. மேல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, தட்டினா சத்தமே வேற. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியுமில்ல? இன்ஜினியர்கிட்ட நானே போய், பாக்காம கையெழுத்துப் போட்டேன், உடைச்சுடுங்கன்னு சொன்னேன். உடைச்சாங்க. என்னையும் கீழ எறக்கிட்டாங்க. மறுபடி இந்த வேலைக்கு வர எட்டு மாசம் ஆச்சு."

செட்டு மேடத்துக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருந்தன. குளியலறையை ஒரு மணி நேரம் அடைத்துக்கொள்கிறாள் என்று கணவரிடம் புகார் செய்திருந்தாள்.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"நீங்க யாரும் கேக்கலியே அண்ணி." குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகமாகச் சுட்டது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்ன திருத்தினேன் பாரு, அது தப்பு. ரெண்டு வருஷமா எனக்கே தெரியும். சொல்றதுக்குத்தான் வாய் வரல."

"விடுங்க அண்ணி, அதப் போய்..." என்று நாத்தனார் வேகமாக வேறு பக்கம் திரும்பி, நன்றாக இருந்த ஒரு வரப்பை மறுபடி அடைத்தாள்.

செட்டு மேடம் கைப்பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்தாள். செங்கல் அடுக்கின் மேல் வைத்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். வாசித்துக் காட்டினாள். நாத்தனார் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள். மாற்றினாள். "கையெழுத்துப் போடு."

"நானா? எனக்கு இங்கிலீஷ் வராதே."

"எனக்கு வருது. என்ன பிரயோஜனம் ஆச்சு? போடு."

மறுநாள் ஒன்பது மணிக்கு ஆசிரியர் மேசை முன் நின்றாள். தட்டச்சுப் பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. தாள் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை. ஆசிரியர் ஒரு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மற்றொன்றைப் போட்டுக்கொண்டு பழைய அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல கேட்டதா இருக்கே?"

"கேக்கல சார். கேட்டேன்னு பொய் எழுதினேன்."

டயர்க் கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டுகிற சத்தம் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. ஆசிரியருக்கும் அது சுலபமாக இல்லை என்பது தெரிந்தது. மேசைமேல் இருந்த எல்லாவற்றையும் ஓர் அங்குலம் நகர்த்தி வைத்தார்.

"முன்பக்கத்துல பேர் வராதும்மா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"ஆமா சார்."

அவர் புது அட்டையை எடுத்தார். '(கலவை) நீரைத் தன்னுள் வாங்கி, ஈரத்திலேயே இறுகிக் கல்லாகு.' ஒரு தடவை மனதுக்குள்ளும், ஒரு தடவை வாய்விட்டும் வாசித்தார். பின்பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்தார். "எட்டு மாசத்துல நீங்க எழுதினதுலயே இதான் நல்ல வரி" என்றார். பாராட்டு என்பதே தெரியாத மனிதர் அவர். செட்டு மேடம் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி மேசை இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதாள். பதினோரு வருஷ ஆசை, அழத்தானே செய்வாள்.

நான்கு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு படி தருவது அலுவலகத்தின் வழக்கம். நாத்தனாருக்கும் ஒன்று வந்தது. அவள் முதல் தாளைத் திறந்து பெயர்ப்பட்டியலில் மேலிருந்து கீழே விரலால் தேடினாள். மறுபடி மேலே போனாள்.

"உங்க பேர் எங்க அண்ணி?"

கணவர்தான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வரிக்காகவா? முன்னாடியே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருக்கவே மாட்டேன்!"

"நீ ஒரு படிக்கட்டையே உடைச்சவ" என்றாள் செட்டு மேடம். "எனக்கு ஒரு வரிதானே?"

அன்று நாத்தனார் அந்தத் தடிப் புத்தகத்தை மதியச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் நேராகச் சமையலறைக்குள் வந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். "சாப்பாட்டு நேரத்துல அந்த வரிய எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன் அண்ணி. பெரிய கொத்தனார் இருக்காரு, முப்பது வருஷம் கலவை போட்டவரு, எதுலயும் ஒரு நொட்டை சொல்லுவாரு. இன்னொரு தரம் படின்னாரு. படிச்சேன். இத எழுதினது கையில கலவை பட்ட ஆளாத்தான் இருக்கணும், யாரு அதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எங்க அண்ணின்னேன்."

செட்டு மேடம் அடுப்பைத் தணித்தாள். எதற்குத் தணித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்படியா, எந்த சைட்டுல வேலை பாக்கறாங்க உங்க அண்ணின்னு கேட்டாரு."

சிரிப்பு வந்தது செட்டு மேடத்துக்கு. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. "அதுக்கு என்ன சொன்னே?"

நாத்தனார் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம சைட்டுதான்னு சொன்னேன்."